வைட்டமின் டி குறைந்தால் தைராய்டு வருமா?

தைராய்டுக்காக ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களில் பலர் இப்போது இரண்டு தாள்களோடு வருகிறார்கள். ஒன்றில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் கூடியிருக்கிறது. அதற்குக் கீழே ஆன்டி-டி.பி.ஓ. என்ற வரிக்கு எதிரே நூற்றுக்கணக்கில் ஓர் எண். இன்னொரு தாளில் வைட்டமின் டி 11 என்றோ 14 என்றோ அச்சாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் மனம் தானாகவே முடிவு கட்டிவிடும்: டி குறைந்ததால்தான் தைராய்டு வந்திருக்கிறது, டி மாத்திரை போட்டால் தைராய்டு போய்விடும்.

என் அக்காவுக்கு ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோய் இருப்பது தெரிந்த வாரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று ஆறுதலாகக்கூட இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு நேரான தொடர்பு அது இல்லை.

படிக்கத் தொடங்குமுன் ஒரு சின்ன எச்சரிக்கை. தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4-இல் ஒரு டி வருகிறது. ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி-செல்லில் ஒரு டி வருகிறது. வைட்டமின் டி-யிலும் வருகிறது. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. முதன்முதலில் படித்தபோது இதிலேயே நான் ஒரு நாள் குழம்பிக் கிடந்தேன்.

சுரப்பியை யார் தாக்குகிறார்கள்?

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அது சுரக்கும் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. ஹார்மோன் குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, இன்னும் சுரக்கச் சொல்லி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பும். அதனால்தான் தைராய்டு சுரப்பு குறையும்போது டி.எஸ்.எச். ஏறுகிறது. பலரைக் குழப்பும் இடம் இது.

சரி, சுரப்பு ஏன் குறைகிறது? அயோடின் பற்றாக்குறை இல்லாத இடங்களில் முக்கியமான காரணம், நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டை அந்நியன் என்று தவறாக எண்ணித் தாக்குவதுதான். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான். இப்படிப்பட்டவற்றைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம்.

தைராய்டில் இது இரண்டு முகங்களோடு வருகிறது. ஒன்று ஹாஷிமோட்டோ நோய். இதில் வெள்ளணுக்கள் சுரப்பிக்குள் புகுந்து, ஹார்மோன் செய்யும் செல்களை மெதுவாக, பல ஆண்டுகளில் அழிக்கின்றன. ஆகவே சுரப்பு குறைகிறது. இன்னொன்று கிரேவ்ஸ் நோய். இதில் உருவாகும் ஆன்டிபாடிகள், அதாவது எதிரியைக் குறிவைக்க நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் புரதங்கள், டி.எஸ்.எச். போல வேடமிட்டுச் சுரப்பியை ஓயாமல் தூண்டுகின்றன. ஆகவே சுரப்பு எல்லை மீறுகிறது. இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம்.

ஹாஷிமோட்டோ என்பது ஒருவரின் பெயர். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் ஜப்பானிய மருத்துவர், 4 பெண்களின் தைராய்டுத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றில் வெள்ளணுக்கள் நிறைந்திருந்ததை 1912-இல் ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் எழுதினார். அவை ஏன் அங்கே வந்தன என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நோயாளிகளின் ரத்தத்தில் தங்கள் தைராய்டையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள் இருப்பது 1956-இல்தான் நிரூபணமானது. இன்று நம் தாளில் அச்சாகும் ஆன்டி-டி.பி.ஓ. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தைராய்டு ஹார்மோனைச் செய்ய உதவும் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடி அது.

இந்த எண்ணைப் பார்த்து அலறுகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆன்டிபாடி இருக்கும் எல்லோருக்கும் சுரப்பு குறைந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் விக்கம் என்ற பகுதியில் ஒரே மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்து டி.எஸ்.எச். சரியாக இருந்த பெண்களில், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்குத்தான் தைராய்டு சுரப்பு குறைந்தது. இரண்டுமே கூடியிருந்தவர்களில் அது ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கூட்டிப் பார்த்தால் சிறிய எண்கள் இல்லைதான். ஆனாலும் நாளைக்கே சுரப்பி நின்றுவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

டி எப்படி இதற்குள் வந்தது?

பேரில் வைட்டமின் என்று இருந்தாலும், வைட்டமின் டி நடந்துகொள்வது ஹார்மோன் மாதிரி. வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, கொலஸ்ட்ராலுக்கு உறவான ஒரு பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. அது கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்து, கால்சிட்ரியால் என்ற முழு வீரியமுள்ள வடிவத்தைப் பெறுகிறது. குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைப்பது இந்தக் கடைசி வடிவம்.

பரிசோதனையில் அளப்பது நடுவில் வரும் கல்லீரல் வடிவத்தை. அது ரத்தத்தில் வாரக்கணக்கில் நிற்கும் என்பதால் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும். கடைசி வடிவமோ சில மணி நேரத்தில் கரைந்துவிடும். கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கும்போதுகூட உடம்பு அதை எப்படியாவது சரியான அளவில் வைத்திருக்கப் பார்க்கும். அதை அளந்தால் குறைபாடே இல்லை என்பது போலத் தோன்றும்.

எலும்புக்கான இந்தப் பொருளுக்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு? 1980-களில் கிடைத்த ஒரு தகவல்தான் கதவைத் திறந்தது. வைட்டமின் டி வந்து பொருந்திக்கொள்ளும் ஏற்பி, நோய் எதிர்ப்புச் செல்களிலும் இருக்கிறது. அதுமட்டுமல்ல, சிறுநீரகம் செய்கிற அந்தக் கடைசி மாற்றத்தை இந்தச் செல்கள் தாங்களே செய்துகொள்கின்றன. ரத்தத்தில் வரும் கையிருப்பை எடுத்து, தங்களுக்கு வேண்டிய கால்சிட்ரியாலை அங்கேயே தயாரித்துப் பயன்படுத்துகின்றன. ஒரு செல் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு பொருளைச் செய்துகொள்கிறது என்றால் அதற்கு அங்கே வேலை இருக்கிறது என்றுதானே பொருள்?

என்ன வேலை என்று ஆய்வகங்களில் பார்த்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், அடங்கு என்று சொல்லும் வேலை. "இதோ எதிரி" என்று அடையாளம் காட்டும் செல்கள் வைட்டமின் டி-யால் நிதானம் அடைகின்றன. தாக்குதல் நடத்தும் டி-செல்களின் வேகம் குறைகிறது. "போதும், நிறுத்து" என்று கட்டுப்படுத்தும் டி-செல்கள் கூடுகின்றன. ஆன்டிபாடி தயாரிக்கும் பி-செல்களின் உற்பத்தியும் தணிகிறது. ஹாஷிமோட்டோவில் கெட்டுப்போயிருப்பது கிட்டத்தட்ட இதே சமநிலைதான். ஆகவே டி குறைந்தால் கட்டுப்பாடு தளர்ந்து தைராய்டு தாக்கப்படலாம் என்ற சந்தேகம் மிகவும் நியாயமானது.

ஆனால் கண்ணாடிக் குடுவையில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் அப்படியே நடக்க வேண்டும் என்று இல்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சேர்ந்து இருப்பதும் காரணமாக இருப்பதும்

தன்னுடல் தாக்குதலால் தைராய்டு பாதிக்கப்பட்டவர்களையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. நோயாளிகளில் 72 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைவு. மற்றவர்களில் ஏறக்குறைய 31 சதவீதத்தினருக்குத்தான் குறைவு. இப்படி எண்ணைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். இதே திசையில் வேறு பல ஆய்வுகளும் உண்டு.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். 2009-இல் டெல்லியில் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் என 642 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 87 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி மிகக் கடுமையாகக் குறைந்திருந்தது. ஆனால் தைராய்டு ஆன்டிபாடி இருந்தது 21 சதவீதத்தினருக்குத்தான். டி மிகக் குறைவாக இருந்தவர்களையும் சற்று அதிகமாக இருந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், ஆன்டிபாடி இருந்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு அளவுகளுக்கும் இடையே தொடர்பு தெரிந்தது, ஆனால் அதன் வலிமை மைனஸ் 0.08. முழுத் தொடர்பு என்றால் மைனஸ் 1, தொடர்பே இல்லை என்றால் 0. மைனஸ் 0.08 எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆன்டிபாடி ஆளுக்கு ஆள் ஏறி இறங்குவதில் ஒரு சதவீதத்தைக்கூட வைட்டமின் டி-யை வைத்து விளக்க முடியாது.

ஆம்ஸ்டர்டாமில் இன்னும் கூர்மையான கேள்வி கேட்டார்கள். தைராய்டு நோயாளிகளின் நெருங்கிய பெண் உறவினர்களை, அவர்கள் நலமாக இருக்கும்போதே பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சிலருக்குப் புதிதாக ஆன்டிபாடி தோன்றியது. டி குறைவுதான் காரணம் என்றால், அவர்களுக்கு முன்பிருந்தே டி குறைவாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. ஆன்டிபாடி தோன்றாதவர்களுக்கு இருந்த அதே அளவுதான் இவர்களுக்கும் இருந்தது.

அப்படியானால் 2011 ஆய்வு பொய்யா? இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டும் சேர்ந்து இருப்பது நிஜம். எது முதலில் வந்தது என்பதுதான் கேள்வி. நோய் வந்த பிறகு டி குறைவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. தைராய்டு குறைந்தவருக்கு எப்போதும் சோர்வு. வெளியே போகவே மனம் வராது, வெயில் படாது. எடை கூடினால், கொழுப்பில் கரையும் வைட்டமின் டி கொழுப்புத் திசுவில் பரவிவிட, ரத்தத்தில் அளவு இறங்கும். உடம்பில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் டி குறைவாகக் காட்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஹாஷிமோட்டோ உள்ள சிலருக்கு சீலியாக் என்ற குடல் நோயும் சேர்ந்து வரும். அதில் சத்துகளே சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆக, அம்பு எதிர்த்திசையில் பாயவும் நிறைய இடம் இருக்கிறது.

இதைத் தீர்க்க ஒரே வழி, மாத்திரை கொடுத்துப் பார்ப்பது. பாதிப் பேருக்கு உண்மையான வைட்டமின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் நடந்த வைட்டல் என்ற சோதனை அப்படிப்பட்டது. 25,871 பேர், தினமும் 2,000 ஐ.யு. (வைட்டமின் அளவைச் சொல்லும் அலகு), சராசரியாக 5 ஆண்டுகளுக்கு மேல். 2022-இல் முடிவு வெளியானபோது, வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தன்னுடல் தாக்குநோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்திருந்தன. உற்சாகம் தரும் செய்திதான். ஆனால் அது முடக்குவாதம், சோரியாசிஸ் எனப் பல நோய்களைச் சேர்த்துக் கூட்டிய கணக்கு. தைராய்டைத் தனியாகக் காப்பாற்றியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கலந்துகொண்டவர்கள் எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஹாஷிமோட்டோவோ அதற்கு முன்பே பலருக்குத் தொடங்கிவிடுகிறது.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு? ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் நடந்த சில சிறிய சோதனைகளில், வைட்டமின் டி கொடுத்தபின் ஆன்டி-டி.பி.ஓ. அளவு இறங்கியது. இதைத்தான் பல இடங்களில் "தைராய்டு குணமாகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. 800 இருந்த ஆன்டிபாடி 500 ஆனால் தாளில் எண் குறையும். ஆனால் அழிந்த செல்கள் திரும்பி வராது, குறைந்த ஹார்மோனை ஈடுகட்டப் போட்டுக்கொண்டிருக்கும் தைராக்சின் மாத்திரையை நிறுத்தவும் முடியாது. அந்தத் தலைப்பை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, சில மாதங்களில் முகம் வீங்கி, குரல் கம்மி, நடக்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிரேவ்ஸ் நோயில் விடை இன்னும் தெளிவு. டென்மார்க்கில் நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு தினமும் 2,800 ஐ.யு. வைட்டமின் டி சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பாமல் இருப்பதற்கு அது உதவவில்லை.

அப்படியானால் டி-யைக் கண்டுகொள்ள வேண்டாமா?

வேண்டும். தைராய்டைக் குணப்படுத்துவதற்காக அல்ல, டி குறைவு தன்னளவிலேயே ஒரு குறை என்பதற்காக. சோர்வு, தசை வலி, கால் கடுப்பு, மனம் சோர்ந்துபோவது என, தைராய்டு குறைவில் வரும் தொல்லைகளில் பாதி டி மிகவும் குறைந்தாலும் வரும். டி.எஸ்.எச். சரியான பிறகும் உடம்பு வலி போகவில்லை என்கிறவர்களில் சிலருக்கு மிச்சக் காரணம் இங்கே இருக்கக்கூடும். கிரேவ்ஸ் உள்ளவர்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும் என்பதால் அவர்களுக்கும் இது முக்கியம். தைராய்டை அறுவை சிகிச்சையில் எடுக்கப்போகிறவர்கள் முன்பே டி அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. குறைவாக இருந்தால் அறுவைக்குப் பின் கால்சியம் சட்டென்று இறங்கி, விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போகும் வாய்ப்பு கூடும்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு என்பது பரவலாக ஏற்கப்பட்டது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 2011-இல் 30-ஐ இலக்காக வைத்தது. 2024-இல் அதே சங்கம் அந்த இலக்கைக் கைவிட்டது. ஆகவே 24, 26 என்று வந்திருப்பதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். சில தாள்களில் நானோமோல் என்று இருக்கும். அதை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதறுமுன் அலகைப் பாருங்கள்.

நிறையப் போட்டால் நிறைய நல்லது என்ற எண்ணம் ஆபத்தானது. கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் சிறுநீரில் எளிதாகப் போய்விடாது, தேங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று தொல்லைகள் தொடரும். மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் நாளொன்றுக்கு 4,000 ஐ.யு.-க்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது. வாரம் ஒருமுறை போடும் அதிக வீரிய மாத்திரை குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டுமே. சீட்டில் எழுதிய காலம் முடிந்தபின்னும் அதையே வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரேவ்ஸ் நோய் கட்டுப்படாமல் இருக்கும்போது கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கலாம் என்பதால் அந்த நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

டி மாத்திரை பலநேரம் கால்சியத்தோடு சேர்ந்தே வரும். கால்சியம், தைராக்சின் மாத்திரையை உடம்பு உறிஞ்ச விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், கால்சியம் கலந்த மாத்திரை மதியமோ இரவோ உணவோடு என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். டி-யும் கொழுப்புள்ள உணவோடுதான் நன்றாக உள்ளே போகும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது எண்களையே மாற்றிக் காட்டிவிடும்.

வெயிலைப் பொறுத்தவரை, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பயனில்லை. புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தோல் கருமையாக இருந்தாலும், வயது கூடினாலும் அதே அளவு டி உருவாக அதிக நேரம் தேவைப்படும்.

மறுபரிசோதனைக்கும் அவசரம் வேண்டாம். தைராக்சின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கலாம். வைட்டமின் டி-க்கு 3 மாதம் ஆகட்டும். ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்ப அளக்கத் தேவையில்லை. அந்த எண்ணை வைத்து மாத்திரையின் அளவு மாறுவதில்லை.

அக்காவுக்கு இப்போது டி 34. படியேறும்போது இருந்த கால்வலி போய்விட்டது. ஆன்டிபாடி இன்னும் நூற்றுக்கணக்கில்தான் இருக்கிறது. தைராக்சினைக் காலையில் எழுந்ததும் போட்டுவிடுகிறாள், டி மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு.